மூல ஓலை கேட்ட அவை

திருவெண்ணெய்நல்லூர்த் தடுத்தாட்கொண்ட வரலாற்றில் நாம் அருளை நினைந்து உருகுகிறோம். வழக்கைத் தீர்த்த அவையை மறந்துவிடுகிறோம். புத்தூர் மணப்பந்தரில் நம்பியாரூரர் கிழித்தது படியோலை. மூல ஓலையை வெண்ணெய்நல்லூரில் காட்டுவேன் என்றார் முதியவராய் வந்த பெருமான். அவையோர் அவர் சொல்லை அப்படியே ஏற்றனரா? இல்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டுக என்றனர். மூல ஓலையையும் பறித்துக் கிழிக்க விடமாட்டோம் என உறுதி தந்தனர். கரணத்தான் வாசித்தான், சாட்சிகள் தம் கையெழுத்தைக் கண்டனர். பின்னர்ப் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து ஒப்பு நோக்கினர். பழைய ஏடு பேணப்படாதிருந்தால் ஒப்பு நோக்குவது எங்ஙனம்?

பராந்தக சோழனின் உத்தரமேரூர்க் கல்வெட்டும் (கி.பி. 921) இவ்வழியதே. வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அவ்வாறே. அரசு அலுவலக ஏட்டைக் குடிமகன் கேட்டால் பொதுவாக 30 நாளில் விடை தரவேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழகம் 1997இலேயே இத்தகைய சட்டம் ஒன்று கண்டது. ஏட்டைப் பூட்டி வைப்பது பேணுதல் ஆகாது என்பதை இவ்வளவு காலங்கழித்துச் சட்டமாக எழுத வேண்டியதாயிற்று!

முதியவர் வென்ற பின்னும் அவ்வவை விடவில்லை. ‘இவ்வூரில் உம் மனை எது? காட்டுக’ என்றது. அவர் திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்தார். பின்சென்றோர் அவரைக் கண்டிலர்.