வீராணமும் நீர்கட்டியும்

வீராணத்தை வெட்டியவன் முதலாம் பராந்தகன் என்று படிக்கிறோம். மண் சுமந்தவர்களுக்குப் பேரில்லை. தமிழகத்து ஏரிகள் பலவற்றில் மடை திறந்து கரை காத்த நீர்கட்டி சேரிக்காரர். ஏரித்தண்ணி கசிந்துதான் ஊர்க் கிணறு ஊறும். அதில் அவர் வாளி மட்டும் இறங்கக் கூடாது!

கடலூர்ப் பக்கம் துளை போட்டாலே தண்ணி தானாகப் பீச்சியடித்த காலம் உண்டு. 1956இல் நெய்வேலிக் கம்பெனி வந்தது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணியை ராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தரை பிளக்காது. நீர்மட்டம் இறங்கியது. 2004இல், நாளுக்கு 18 கோடி லிட்டர் திட்டமிட்டு, வீராணம் தண்ணி சென்னைக்குப் போனது. ஏரி வற்றினால் நெய்வேலிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள்.

சென்னைக்குத் தண்ணி வேண்டாமென்று யார் சொன்னது? அங்கேயும் சேரி இருக்கிறதே. ஆனால் இறைக்கிறவர்கள் மழையைப் பூமிக்குள் இறக்கவும் வேண்டும். குளம் தூர்வாரக் கூலிக்கு நம் சனத்தைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் குளம், யாருக்குத் தண்ணி என்று முடிவு செய்கிற இடத்திலும் அவர்கள் உட்கார வேண்டும்.