குழந்தை உரிமை: உறுதிமொழி எப்போது சட்டமாகிறது?

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. ஆனால், குழந்தை உழைப்பு குறித்த அதன் 32ஆம் பிரிவைப் ‘படிப்படியாகவே’ நிறைவேற்றுவதாக அறிவித்தது. அத்தகைய உறுதிமொழியைக் கொண்டு நாம் நீதிமன்றத்தில் எவரையும் பொறுப்பாக்க முடியாது.

பொறுப்பாக்குவது எப்படி என்பதைக் காட்டியது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியை ஒட்டிய சிவகாசி. தொழிற்சாலைகளில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதை அரசமைப்பின் 24ஆம் பிரிவு 1950 முதலே தடைசெய்திருந்தும், தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகள் உழைத்தனர். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.12.1996 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும். குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலைக்கு வழிசெய்ய வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் அந்நிதிக்கு வழங்க வேண்டும் என்றது. எவர், எவ்வளவு என்று வரையறுத்ததே அதன் வலிமை.

2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தத் தடைவிதித்தது. எனினும், அபாயகரமல்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என விலக்களித்தது. சாதியச் சமூகத்தில் குடும்பத் தொழில் பெரும்பாலும் குலத்தொழிலே. வீட்டுக்குள் நடக்கும் வேலைக்குப் பொறுப்பேற்க முதலாளி எவரும் இல்லை. எனவே, இவ்விலக்கை நீக்குமாறு கோருகிறோம்.