பாண் வந்த வழி

ரொட்டியை வெள்ளைக்காரன் தீனி என்றும் காய்ச்சல்காரனுக்கான பத்தியம் என்றும் நம்மில் பலர் இன்னும் சொல்வதுண்டு. ஆனால் அது இந்தியக் கரைக்கு வந்து 500 ஆண்டுகள் ஆகின்றன.

1510-இல் போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தார்கள். ரொட்டி இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு இல்லை. மாவு கிடைத்தது. அதை உப்பவைக்கும் ஈஸ்ட்டுக்கு வழியில்லை. அங்கே இறக்கிய தென்னங்கள்ளை ஊற்றிப் பிசைந்தார்கள், மாவு பொங்கியது. ஆப்ப மாவில் கள் விட்ட காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இதில் வியப்பு இராது. கள்ளைப் புளிக்க வைப்பதும் ரொட்டியை உப்பவைப்பதும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்தான். நொதித்தல் உயிருள்ள ஈஸ்ட்டின் வேலை என்று பிரான்சில் லூயி பஸ்தேர் நிறுவியதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில்தான்.

போர்த்துக்கீசியச் சொல்தான் பம்பாயில் 'பாவ்' ஆனது, யாழ்ப்பாணத்தில் 'பாண்' ஆனது. பிரெஞ்சில் அதே சொல் 'பேன்' என்று ஒலிக்கும். எங்கள் வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் பையன்கள் தலையைச் சொறிந்து காட்டிச் சிரிப்பார்கள். மூன்றுக்கும் மூலம் 'பானிஸ்' என்ற லத்தீன் சொல்.

புதுச்சேரியில் 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. கொடி இறங்கியும் நீள ரொட்டி அங்கேயே தங்கிவிட்டது. 1965-இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, துண்டு போட்ட மெத்தென்ற ரொட்டி சிற்றூர்க் கடைகளுக்கும் பரவியது.

இப்போது ஐந்தருவிப் பக்கம் வீட்டிலேயே சுடுகிறேன். அரைக்கிலோ மைதா, சுமார் 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, முந்தின தடவை எடுத்துவைத்த புளித்த மாவு ஒரு கை. அவ்வளவுதான். சித்திரை வெயிலில் விறுவிறுவென்று பொங்கும் மாவு, ஆனி ஆடிச் சாரலில் இரண்டு பங்கு நேரம் கேட்கும். அலுவலகத்தில் கோப்பின் மேல் 'அவசரம்' என்று சீட்டு ஒட்டினால் அது கொஞ்சம் நகரும். மாவிடம் அந்தச் சீட்டு செல்லாது. பொறுக்காமல் அடுப்பில் வைத்தால் கல்லாகத்தான் வரும்.

பிசைந்ததில் ஒரு கை மாவை எடுத்துவைக்காமல் மொத்தத்தையும் சுட்டுவிட்டால் அடுத்த ரொட்டி இல்லை. தோசை மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைத்த நம் பாட்டிமாருக்கும் இது தெரிந்ததே. இருப்பதையெல்லாம் இன்றே தீர்த்துவிடக் கூடாது என்பதை இதைவிட எளிதாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது.

பிரெஞ்சில் நண்பனுக்கு 'கொப்பேன்' என்று பெயர். உடன் ரொட்டி உண்பவன் என்பது அதன் அடிப்பொருள். எழுபதைத் தாண்டினால் உடன் உண்ணும் ஆட்கள் ஒவ்வொருவராய்க் குறைகிறார்கள். ஆகவே நான் எப்போதும் இரண்டு ரொட்டி சுடுகிறேன். இரண்டாவது, சூடு ஆறுமுன் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பாத்திரம் திரும்பி வரும்போது அதில் எதாவது இருக்கும், கூடவே பேச ஒரு ஆளும் வருவார்.