ஞாயிற்றுக்கிழமைப் பந்தும் வேலைநாள் பாட்டும்: முத்துக்குளித்துறையில் அம்பாவும் கால்பந்தும்

முத்துக்குளித்துறை ஊர்களைப் பற்றி நாட்டார் வழக்காற்றியலார் எழுதும்போதும் கருத்தரங்குகளில் பேசும்போதும் ஒரு கருத்து யாரும் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அம்பாப் பாட்டு கடலோரத்தின் சொந்தச் சொத்து. கால்பந்து மிஷன் பள்ளிகள் இறக்கிய இரவல் சரக்கு. இளைஞர்கள் பந்தின் பின்னால் போனதால் பாட்டு நாதியற்றுப் போனது. ஆகவே நாட்டுப்பாடலை நேசிப்பவர் கால்பந்தைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதே இயல்பு. இவற்றில் முதல் கூற்றை ஏற்கிறேன். இரண்டாவதைப் பாதி ஏற்கிறேன். பின்னிரண்டும் கடற்கரையில் பிறந்தவை அல்ல, நூலக அலமாரியில் பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காலக்கணக்கை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவுக்குக் கால்பந்து பட்டாளத்தோடும் மிஷன் பள்ளிகளோடும் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1911இல் கல்கத்தாவில் மோகன் பாகன் அணி, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலப் பட்டாள அணியொன்றை வென்று கேடயம் வாங்கியபோது அது ஏற்கெனவே நாட்டு விளையாட்டாக மாறத் தொடங்கியிருந்தது. தென்கடற்கரைக்கு அது பள்ளி வழியாகவும் பங்கு வழியாகவும் வந்தது என்பதில் தகராறு இல்லை. அம்பா ஓய்ந்தது அதற்கு வெகுகாலம் பின்னால். தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது என்பதால் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரம் போடும். சரக்கை ஏற்றி இறக்கியவை தோணிகள். பாய் ஏற்றவும் நங்கூரம் தூக்கவும் அங்கே பாட்டு வேண்டியிருந்தது. ஆழ்கடல் துறைமுகம் அமைந்து 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டபின் அந்த வேலையே சுருங்கியது. கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். விசைப்படகு வந்தது, நைலான் வலை வந்தது, 1980களில் வள்ளங்களின் பின்பக்கம் இயந்திரம் ஏறியது. கயிற்றிலிருந்தும் துடுப்பிலிருந்தும் கை விலக விலகப் பாட்டும் விலகியது. இதில் பந்துக்கு என்ன பங்கு?

வாரக்கணக்கும் இதையே சொல்கிறது. கத்தோலிக்கக் கடலோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்தபின் அந்த நாள் ஊருக்குச் சொந்தம். பந்துக்கு நேரம் கிடைப்பது அன்றுதான். அம்பாவோ வேலைநாள் பாட்டு. ஒரே மணிநேரத்துக்குப் போட்டியிடாத இரண்டில் ஒன்று மற்றொன்றை விரட்டியது என்று சொல்ல, சொல்பவர் கூடுதல் சான்று தரவேண்டும். இதுவரை தரப்படவில்லை.

அப்படியானால் இந்தப் பகைமைக் கதை எங்கிருந்து வந்தது? பலரும் சான்றாக நீட்டுவது நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பு (1964). துறையில் இதற்கு அறிமுகம் தேவையில்லை. தேவைப்படுவது அதன் வைப்புமுறையை மறுபடி பார்ப்பது. தாலாட்டில் குழந்தை, விளையாட்டில் சிறார், பிறகு காதல், திருமணம், குடும்பம், கடைசியில் ஒப்பாரி என்று நூல் ஒரு மனித ஆயுளைப்போல் நகர்கிறது. ‘விளையாட்டு’ சிறுபிள்ளைப் பருவத்தோடு சேர்ந்துவிடுகிறது. ‘உழவும் தொழிலும்’ வளர்ந்தவர்களின் உலகில் தனியாக நிற்கிறது. வளர்ந்த ஆண் உழைக்கிறான், காதலிக்கிறான், அழுகிறான். விளையாடுவதற்கு அவனுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

முந்தைய ஆய்வுப் போக்கு இதைச் சமூகத்தின் படமாகவே வாசித்தது. தமிழ் உழைப்பாளியின் பாட்டு தொழிலோடு பின்னியது, விளையாட்டோடு அல்ல; விளையாட்டு வளர்ந்தவனிடம் புகுவது வெளியிலிருந்து, அதுவும் பள்ளி மணியோடு. இந்த வாசிப்பில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதல் சிக்கல் நிலம் பற்றியது. நூலில் பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் தரப்படுகின்றன. அந்தக் கால நூல்களில் இத்தனை நேர்மையைப் பார்ப்பது அரிது. எஸ். எஸ். போத்தையா போன்ற சேகரிப்பாளர்களின் பெயரும் விளாத்திகுளம் வட்டாரமும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. விளாத்திகுளம் இன்று தூத்துக்குடி மாவட்டம்தான். 1986இல் கோடு கிழித்தவர்கள் கரிசலையும் கடலையும் ஒரே மாவட்டத்தில் கட்டினார்கள். ஆனால் மழைக்காக வானம் பார்க்கும் ஊரின் வேலை ஒழுங்கு வேறு, ஞாயிறு தோறும் கடலை மூடிவைக்கும் ஊரின் ஒழுங்கு வேறு. கரிசலின் அடுக்கைக் கடற்கரைமேல் போர்த்துவது தொகுப்பாசிரியர் செய்த தவறல்ல. அவர் நூலை அளவுகோலாக்கியவர்கள் செய்தது.

இரண்டாவது சிக்கல் ஆழமானது. உழைப்பின் தாளத்திலிருந்து பாட்டு பிறந்தது என்ற கருத்தை 1896இல் கார்ல் பூஹர் விரிவாக எழுதினார். அதே பூஹர் உழைப்பைவிட விளையாட்டு மூத்தது என்றும் சொன்னார். இந்த இரண்டாம் பாதி மார்க்சியர்களுக்குக் கசந்தது. பிளெஹானவ் அதை நேராக எதிர்கொண்டு, உழைப்பே மூத்தது, விளையாட்டு அதன் குழந்தை என்று வாதிட்டார். பிறகு ஜார்ஜ் தாம்சன், ‘மார்க்சியமும் கவிதையும்’ (1945) நூலில், உழைப்பிலிருந்து கவிதை வந்த வழியை அழகாக எழுதினார். பர்மிங்காமில் தாம்சனின் மாணவராக இருந்தவர் க. கைலாசபதி என்பதை நினைவூட்டினால் போதும். அந்தத் தலைமுறைத் தமிழ் ஆய்வாளர்கள் சுவாசித்த காற்று எது என்பது விளங்கிவிடும். பூஹரின் ஒரு பாதி நம்மிடம் வந்தது, மறுபாதி வழியிலேயே இறக்கிவிடப்பட்டது. உழைப்புப் பாட்டு உயர்ந்தது, விளையாட்டு அதன் நிழல் என்ற படிநிலை அப்படித்தான் இங்கே குடியேறியது. நா.வா. இதை எந்த அளவு மனத்தில் வைத்துப் பகுத்தார் என்பது தனி விவாதம். அவர் நூலை வாசித்தவர்கள் இந்தக் கண்ணாடியோடு வாசித்தார்கள் என்பதே எனக்கு வேண்டியது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கரைவலை இழுப்பைப் பாருங்கள். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் அரைவட்டமாக வலையை வளைத்துக்கொண்டு வந்து மறு நுனியைச் சற்றுத் தள்ளிக் கரையில் சேர்க்கிறது. இப்போது மணலில் இரண்டு கூட்டம், இரண்டு கயிறு. மடி நெருங்க நெருங்க இரு கூட்டமும் பக்கவாட்டில் ஒன்றையொன்று நோக்கி நகரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிப்போகும், மீன் தப்பும். இங்கே பாட்டுக்கு இரண்டு வேலை. தன் கூட்டத்தின் கால்களை ஒரே நேரத்தில் மணலில் ஊன்ற வைப்பது ஒன்று; எதிர்க்கயிற்றின் வேகத்தைத் தன் காதில் வைத்திருப்பது மற்றொன்று. முன்பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குகிறார்கள். கொடுக்கும் அடியில் என்ன இருக்கிறது? புனிதர் பெயர் இருக்கும், மாதா பெயர் இருக்கும். அடுத்த மூச்சிலேயே சம்மாட்டியைக் கிண்டல் செய்யும் ஒரு வரி, பிறகு அச்சில் ஏற்ற முடியாத ஒரு வரி. தொகுப்பாளர்கள் தூக்கிப்போட்டவை இந்த வரிகளைத்தான். பசியும் பாடும் கொண்ட வரிகள் நூலுக்குள் வந்தன. சீண்டலும் சவாலும் வெளியே நின்றன. விடுபட்டது கொச்சை மட்டுமல்ல, வேலைக்குள் இருந்த ஆட்டமும்தான்.

வேலையும் விளையாட்டும் ஒரே கயிற்றில் இருந்த ஊருக்கு, ஞாயிற்றுக்கிழமை மணலில் இரு பக்கமாகப் பிரிந்து நின்று, ஒருவர் குரலுக்குப் பலர் கால் நகர்த்தும் ஓர் ஆட்டம் அந்நியமாகப் பட்டிருக்க என்ன காரணம்? அம்பாவிலிருந்து கால்பந்து பிறந்தது என்று நான் சொல்லவில்லை, அது சிறுபிள்ளைத்தனம். அம்பாவை நேசித்த செவி கால்பந்தை வெறுக்கவேண்டிய கட்டாயம் எதுவும் அந்த வாழ்க்கையில் இல்லை என்பது மட்டுமே என் கூற்று.

வெறுப்பு இல்லவே இல்லையா? இருக்கிறது. ஆனால் யாரிடம்? கயிறு பிடித்தவருக்கு அம்பா ரசிக்கும் பொருளல்ல. ரசிகர் என்றொருவர் உருவாவது, நாட்டுப்பாடல் வானொலிக்கும் ஒலிநாடாவுக்கும் மேடைக்கும் ஏறியபிறகு. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கல்லூரி அரங்குகளில் பாடியதும், 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் கொல்லங்குடி கருப்பாயி வந்ததும் அந்த ரசிகரை உருவாக்கிய தருணங்கள். அவர் கேட்டது பெரும்பாலும் வயல்வெளியின் குரல். அவர் மனத்தில் கிராமம் என்றால் ஏர், உலக்கை, கும்மி. மெஸ்ஸி பெயர் போட்ட சட்டையோடு ஒரு மீனவ இளைஞன் அந்தப் படத்துக்குள் வரும்போது அவருக்கு உறுத்துகிறது. இந்த உறுத்தலைக் கடற்கரையின் மனப்பான்மை என்று பதிவுசெய்ததே நடந்த பிழை.

தூத்துக்குடியைத் தாண்டிப் பார்த்தால் இதற்குத் துணைச் சான்றுகள் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்துக் குருநகரும் பாசையூரும் கத்தோலிக்க மீனவ ஊர்கள். நாட்டுக்கூத்துக்குப் பெயர்போன அவ்வூர்களே வடபகுதிக் கால்பந்திலும் முன்வரிசையில் நிற்கின்றன. குருநகர் அணியொன்றின் பெயர் ‘பாடும்மீன்’. குமரி மாவட்டத்தில் தூத்தூர் தொடங்கி நீரோடி வரையிலான கரை தமிழகக் கால்பந்துக்கு ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து அனுப்பிவருகிறது. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் நாடறிந்தவர். வடசென்னை வியாசர்பாடியில் கானாவும் கால்பந்தும் ஒரே தெருவில் வளர்ந்தவை, பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) அதைத் திரையில் காட்டியபோது அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. கானா நாட்டுப்பாடல் ஆகாது என்பவர்களோடு வாதிட எனக்கு விருப்பமில்லை. நகரத்து உழைப்பாளிக்கு வழக்காறு கிடையாது என்ற எண்ணம் இருபது வருடங்களுக்கு முன்பே காலாவதியாகியிருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு உண்டு: சடுகுடுவில் பாட்டு இருக்கிறது, அதனால் அது நம்முடையது, கால்பந்தில் பாட்டில்லை. உலகம் முழுக்கக் கால்பந்துத் திடல்கள் பாடிக்கொண்டுதான் இருக்கின்றன. பஹாமாஸ் தீவின் கடலோடிப் பாட்டான ‘ஸ்லூப் ஜான் பி’ 1927இல் கார்ல் சாண்ட்பர்க்கின் தொகுப்பில் அச்சேறி, 1966இல் பீச் பாய்ஸ் இசைத்தட்டாகி, இன்று அதன் மெட்டில் இங்கிலாந்து ரசிகர்கள் எதிரணியைக் கேலி செய்கிறார்கள். கப்பல்காரர்களின் பாட்டு பந்தோடு பிழைத்திருக்கிறது. நம் கரையில் அம்பா மெட்டு அப்படித் திடலுக்குப் போகவில்லை என்பது உண்மை. ஆனால் அதனால் திடல் ஊமையாகிவிடவில்லை. ஊர்த் திருவிழாப் போட்டிகளில் ஒலிபெருக்கியைப் பிடித்து நேர்முக வர்ணனை செய்பவரைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பட்டப்பெயர் சொல்லி அழைப்பது, எதிரூரைச் சீண்டுவது, பந்து கோல் கம்பத்தை நெருங்கும்போது மூச்சை ஏற்றி வேகம் கூட்டுவது, அடித்ததும் கூட்டத்திடமிருந்து பதில் வாங்குவது எல்லாம் அங்கே உண்டு. அச்சேறாமல் போன அம்பா வரிகளின் குணங்களும் இவையே. இவரை எந்த நாட்டார் வழக்காற்று அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை.

தள்ளிவிட முடியாத மறுப்பு ஒன்றே. அம்பாவும் ஆண்கள் கையில், பந்தும் ஆண்கள் காலில். தாலாட்டையும் ஒப்பாரியையும் காத்துவந்த பெண்கள் இந்தத் திடலை எப்படிப் பார்த்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆணுக்கு ஓய்வு. மீன் கூடையை இறக்கிவைத்த பெண்ணுக்கு அடுப்படி. என் வாதம் ஊரின் பாதியை வைத்தே கட்டப்பட்டது. தமிழகப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியக் கோப்பையை வென்றிருக்கிறது. அதில் ஒளிர்ந்த இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். கடலோரப் பெண்ணின் காலுக்குப் பந்து வந்துவிட்ட பிறகு, அந்த வீடுகளின் பாட்டிகளிடம் கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்துக்கும் தூத்துக்குடியில் களப்பணிக்கு இறங்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மணப்பாட்டுக்கும் புன்னைக்காயலுக்கும் பதிவுக் கருவியோடு போகிறவர்கள் முதியவர்களிடம் மறந்த பாட்டைக் கேட்டுக்கொண்டு சனிக்கிழமையே ஊர் திரும்ப வேண்டாம். ஞாயிறு மாலை வரை இருங்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு வரியையும் கத்தரிக்காமல் பதிவு செய்யுங்கள்.