ஊர்க்கணக்கில் எரிந்த விளக்கு

திருக்கழுக்குன்றம் என்றதும் வேதகிரி மலையும் சங்கு தீர்த்தமும் நினைவிற்கு வரும். அம்மலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் நம் மக்கள் வாழும் பகுதிகளுக்கு மின்விளக்கு எவ்வழியாக, எந்தப் பணத்தில் வந்தது என்பதும் வரலாறே. தல புராணங்களில் அதற்கு இடமில்லை. அரிக்கேன் விளக்கின் முன் அமர்ந்து இரவுப் பாடசாலையில் எழுத்தறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். ஆதலால் இவ்வெள்ளி விழா மலரில் அதனை எழுதுவது பொருத்தமென்று கருதுகிறோம்.

இவ்வரலாறு மின்கம்பத்தில் அன்று, மனையில் தொடங்குகிறது. செங்கல்பட்டு கலெக்டராயிருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரி நிற்கும் மண்ணே மிராசுதாரர் பிடியில் இருந்ததையும், கூலிக்காக வாய் திறந்தவன் குடிசையையும் இழக்க நேர்ந்ததையும் அதில் எடுத்துக்காட்டினார். அதன் விளைவாக 1892-இல் பிறந்த அரசாணையின்வழி வந்ததே பஞ்சமி நிலம். ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம், இடையில் வயல் என்றிருந்த நிலை மட்டும் மாறவில்லை. ஆனால் வருவாய்க் கணக்கில் இரண்டும் ஒரே கிராமம். இரண்டிற்கும் ஒரே பெயர். அந்த ஒரே பெயர் பிற்காலத்தில் செய்த வேலையையே இங்குச் சொல்ல வந்தோம்.

1932-இல் பைக்காராவும் 1937-இல் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கின. 1957-இல் மின்வாரியம் அமைந்தது. 1969-இல் மைய அரசு ஊரக மின்மயக் கழகத்தை நிறுவி, கிராமங்களுக்கு மின்பாதை இழுக்க மாநிலங்களுக்குக் கடன் வழங்கியது. பொதுப்பணம் பெருமளவில் கிராமத்தை நோக்கி வந்த காலம் அது. தமிழகம் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் அளிப்பதில் முன்னணியில் நின்றது. பம்புசெட்டு யாருடையது? கிணறும் நிலமும் உடையவனுடையது. ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்திற்காகவேனும் மின்சாரம் பயன்பட்டால் அது மின்வசதி பெற்ற கிராமம் என்பதே அன்றைய இலக்கணம். வயலில் ஒரே ஒரு மோட்டார் ஓடினால் போதும். சேரி இருளில் கிடந்தாலும் கணக்கில் ஒளி வந்துவிடும். யாரும் பொய் எழுதவில்லை. எழுதிய இலக்கணமே அப்படி!

1997-இல் குடியிருப்புப் பகுதியில் மின்சாரம் பயன்பட வேண்டும் என்று அதைத் திருத்தினார்கள். 2004-இல்தான் தலித் குடியிருப்பு என்ற சொல் அந்த இலக்கணத்தினுள் நுழைந்தது. ஊரிலும், தலித் குடியிருப்பு இருப்பின் அங்கும், மின்மாற்றியும் கம்பிகளும் அமைய வேண்டும். பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களில் மின்சாரம் வேண்டும். வீடுகளில் குறைந்தது 10 விழுக்காடேனும் இணைப்புப் பெற வேண்டும் என்று விதித்தார்கள். (மீதி 90 விழுக்காடு இருண்டிருந்தாலும் விதி நிறைவேறிவிடும் என்பதைக் கவனிக்க.) நம் வட்டத்துக் கடற்கரையிலுள்ள கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் மின்சாரம் விற்கத் தொடங்கியது 1984-இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே நம் குடியிருப்பு ஒரு கிராமத்தின் பகுதியென மின்சாரக் கணக்கில் எழுதப்பட்டது. இடையில் 1988-89-இல் வந்த குடிர் ஜோதித் திட்டம் ஏழைக் குடிசைகளுக்கு ஒற்றை விளக்கு அளித்தது. அதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஒரு விளக்கின் கீழ் அடுப்பும் பாடப்புத்தகமும் போட்டியிட்ட வீடுகள் பல.

பெரிய மின்பாதைக்குக் காத்திராமல், குடியிருப்பின் அருகிலேயே கதிரொளித் தகடும் மின்கலமும் வைத்துச் சில தெருக்களுக்கு மட்டும் கம்பி இழுக்கும் சிறு மின்தொகுப்புகளுக்கும் பொதுப்பணம் உண்டு. 2009-இல் மைய அரசு வகுத்த விதிகள் இவற்றின் மூலதனத்தில் 90 விழுக்காட்டை மானியமாக்கின. ஆனால் மின்பாதை எட்டாத, அல்லது எட்டச் செய்தால் செலவு கட்டாத ஊர்களுக்கே அது. பழைய கணக்கில் ஒளி பெற்றுவிட்ட சமவெளிக் கிராமத்திற்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் 1,80,000 ரூபாயில் 300 சதுர அடி வீடும், அதில் சூரிய ஒளியால் எரியும் 5 விளக்குகளும் தந்தது. அதற்கு மனைப்பட்டா வேண்டும். 1891-இல் ட்ரெமன்ஹீர் எழுதிய குறை, பட்டா இல்லாதவன் வாசலில் மீண்டும் வந்து நின்றது.

கோவை மாவட்டத்து ஓடந்துறைப் பஞ்சாயத்து வேறு வழி கண்டது. 2006-இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையொன்றைச் சொந்தமாக நிறுவி, மின்சாரத்தை வாரியத்திற்கு விற்றது. பஞ்சாயத்தே உடைமையாளர் என்பதால் வருமானம் பஞ்சாயத்து நிதிக்கு வந்தது. அதை எத்தெருவிற்குச் செலவிடுவது என்று கேட்க ஊராருக்கும் சேரியாருக்கும் ஒரே உரிமை. மானியத்தைவிட இதையே நாம் மேலாக மதிக்கிறோம்.

2024-இல் மைய அரசு, வீட்டுக்கூரைச் சூரிய மின்திட்டத்தின் பகுதியாக, மாவட்டந்தோறும் ஒரு மாதிரிச் சூரிய கிராமத்திற்கு 1 கோடி ரூபாய் அறிவித்தது. போட்டியிட 5,000-க்கு மேற்பட்ட மக்கள்தொகையுள்ள வருவாய்க் கிராமமாக இருக்க வேண்டும். வெற்றியை முடிவு செய்வது கிராமத்தில் நிறுவப்பட்ட மொத்த மின்திறன். மீண்டும் அதே வருவாய்க் கிராமம். ஊர்த்தெருவின் மாடிகள் மட்டுமே தகடு பூண்டாலும் மொத்தம் ஏறிவிடும். இத்தகைய பணம் வருமுன் தகடு எங்கே நிற்கும், கம்பி எத்தெரு வழியே செல்லும், உடைமை யார் பெயரில் இருக்கும் என்ற மூன்றையும் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதச் செய்வது நம் இளைஞர்களால் இயலும். கிராம சபை சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது.