வேளாண் அறிவியல் நிலையம்

உழவர், ஊரக இளைஞர், பண்ணை மகளிர் ஆகியோருக்குச் செய்முறைப் பயிற்சி தரும் மாவட்ட அளவிலான மையம். இந்தியில் 'கிருஷி விஞ்ஞான் கேந்திரா'. மோகன் சிங் மேத்தா தலைமையில் 1973-இல் அமைக்கப்பட்ட குழு இதற்கான திட்டத்தை வகுத்தது. நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் 700-க்கும் மேற்பட்டவை உள்ளன. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நிதியளிக்க, பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் முதலியன நடத்துகின்றன.

பட்டமோ மதிப்பெண்ணோ இங்கு நோக்கமல்ல; செய்து பழகுவதே நோக்கம். மண் மாதிரி எடுப்பதையே பாருங்கள்: வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பல இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். அதைப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைக் கழித்துக்கொண்டே வந்தால் அரைக்கிலோ மிஞ்சும்; அதுவே ஆய்வுக்குப் போகும். சொல்லிக்கொடுத்து வருகிற வேலையல்ல இது.

நிலமுடையோரை நம்பவைப்பது முன்னிலைச் செயல்விளக்கம். புதிய ரகம் உழவரின் சொந்த வயலிலேயே, அவர் வழக்கமாகப் பயிரிடும் ரகத்துக்குப் பக்கத்தில் வளரும். பக்கத்து வயல்காரர் வந்து பார்ப்பதற்கு நிகரான பிரச்சாரம் வேறில்லை. நிலமில்லாத இளைஞருக்குக் காளான், தேனீ, நாட்டுக்கோழி வளர்ப்பு, ஒட்டுக்கட்டுதல் போன்றவற்றில் பயிற்சி. இளைஞரை வேளாண்மைக்கு ஈர்க்கும் 'ஆர்யா' திட்டம் 2015-இல் தொடங்கி, இந்நிலையங்கள் வழியாகவே நடக்கிறது.