கான்பூரில் கைவிடப்பட்ட வானூர்திகள்

இந்திய விமானப்படையின் முதற் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் விலைக்கு வாங்கப்பெற்றனவல்ல. சிதைவுக் குவியலினின்றும் மீட்கப்பெற்றன. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இரண்டாம் உலகப்போர் 1945-இல் முடிவுற்றது. அமெரிக்கா கடன்-குத்தகை முறையில் பிரிட்டனுக்கு அளித்திருந்த, நான்கு எஞ்சின்கள் உடைய லிபரேட்டர் விமானங்கள் பல கான்பூரில் நிறுத்தப்பட்டன. ஒப்பந்தப்படி அவற்றைத் திருப்பித் தருதல் வேண்டும். அன்றேல் பயன்படாவாறு அழித்தல் வேண்டும். ஆகலின் பிரிட்டிஷ் விமானப்படையினர் அவற்றைத் தம் கையாலேயே சிதைத்து நீங்கினர்.

விடுதலைக்குப் பின்னர், பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அவற்றை ஆய்ந்தனர். ஒன்றிற் சிதைந்த உறுப்புக்கு ஈடாக மற்றொன்றிற் சிதையாதிருந்ததைப் பொருத்திப் பறக்குமளவு செப்பனிட்டனர். விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். முழுச் சீரமைப்பு ஆண்டு நிகழ்ந்தது. 1948 நவம்பரில் அவற்றைக் கொண்டு ஐந்தாம் படைப்பிரிவு தோன்றியது. பின்னர் ஆறாம் பிரிவு அவற்றைக் கடற்கண்காணிப்பில் ஈடுபடுத்தியது. 1968 வரை அவை பணிபுரிந்தன.

இதனை வறுமை கற்பித்த சூழ்ச்சி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய அத்தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் விமானங்களைப் பழுதுபார்த்து வந்தது. அப்பயிற்சியே கான்பூரிற் பயன்பட்டது. எனவே, போர் இந்நாட்டில் விட்டுச் சென்றவற்றுள் விமானங்களினும் தொழிலறிவே பெரிது என்பது பெறப்படும்.